எட்டு நாள், ஒரு வேன், பதினான்கு பக்கக் கையேடு: சென்னை – கன்னியாகுமரி குழு சைக்கிள் பயணச் சேவை

கடந்த தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரத்தில், திருவான்மியூரிலிருந்து கடற்கரையை ஒட்டியே கன்னியாகுமரி வரை 8 நாளில் 800 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சைக்கிள் மிதித்தோம். மொத்தம் 22 பேர். ஏற்பாடு செய்தது சென்னையைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். தவிர, பெயரைவிட இத்தகைய நிறுவனங்களிடம் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்தான் படிப்பவர்களுக்கு அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

கட்டணம் ஒருவருக்கு 38,000 ரூபாய். இரவுத் தங்கல், காலை உணவும் இரவு உணவும், வழியில் தண்ணீரும் பழங்களும், பைகளைச் சுமந்து வரும் வாகனம், ஒரு மெக்கானிக், முடிவில் சைக்கிள்களைச் சென்னைக்குத் திருப்பிக் கொண்டுவரும் லாரி ஆகியவை அதில் அடக்கம். மதியச் சாப்பாடும் ஊர் திரும்பும் ரயில் செலவும் நம்முடையவை. எனக்கு வயது 54, மேசை முன் அமர்ந்து செய்யும் உத்தியோகம். இதற்கு முன் பிரெவே எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் 200 கிலோமீட்டர் வகை இரண்டு முடித்திருக்கிறேன். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அந்தப் பயணங்களில் பஞ்சர் ஆனாலும் பசி எடுத்தாலும் அவரவர் பாடு அவரவருக்கு. அந்தப் பழக்கம் இருந்ததால், கூடவே வேன் வரும் பயணம் எளிதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை வளர்த்ததில் நிறுவனத்தின் கையேட்டுக்கும் பங்கு உண்டு.

பணம் கட்டிய மறுநாளே 14 பக்கக் கையேடு ஒன்று கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. 12 வாரப் பயிற்சி அட்டவணை, எடுத்துவர வேண்டிய பொருள்களின் பட்டியல், குழுவில் ஓட்டும் விதிகள் என மூன்று பகுதிகள். தொடக்கத்திலேயே ஒரு நல்ல நிபந்தனை இருந்தது: 45 வயதைக் கடந்தவர்கள் இசிஜி எடுத்து, மருத்துவரின் கடிதத்தோடுதான் வரவேண்டும். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், நிறுவனம் இறங்கிவரவில்லை, இறங்கிவராததே சரி.

மற்றபடி அந்தக் கையேடு வேறொரு நாட்டுக்காக யாரோ எழுதி, இங்கே தலைப்பு மட்டும் மாற்றப்பட்டதோ என்ற ஐயம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. குளிருக்கான கை உறை, கால் உறை, காலணியின் முனைக்கு மாட்டும் கம்பளி மூடி ஆகியவை கட்டாயப் பட்டியலில் இருந்தன. உப்பைப் பற்றி ஒரு வரி இல்லை, தொடையிடுக்குப் புண்ணைப் பற்றியும் இல்லை. பயிற்சி அட்டவணையில் வாரம் ஒருமுறை மலையேற்றப் பயிற்சி. சென்னைக்காரனுக்கு மேடு என்றால் கத்திப்பாரா மேம்பாலம்தான். அதில் எட்டு முறை ஏறி இறங்கியவர்களும் எங்கள் குழுவில் இருந்தார்கள். போகும் பாதையிலோ திருவான்மியூர் தொடங்கிக் குமரி வரை மலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் கையேடு முழுவதுமாகத் தவறவிட்டது இதைத்தான். மேடு இல்லாத பாதையில் இறக்கமும் இல்லை. மலைப்பாதையில் ஏறும்போது இருக்கையை விட்டு எழுந்து மிதிக்கிறோம்; இறங்கும்போது கால் சும்மா இருக்கிறது, முதுகும் நிமிர்கிறது. சமவெளியில் அந்த ஓய்வு ஒரு நொடிகூடக் கிடைக்காது. 120 கிலோமீட்டரை மணிக்கு 20 என்ற வேகத்தில் கடந்தால் 6 மணி நேரம். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் அன்று மட்டும் ஏறத்தாழ 29,000 முறை ஒரே அளவில், ஒரே கோணத்தில், ஒரே இடத்தில் அழுத்தம் விழுகிறது. மூச்சு வாங்கவில்லை, இதயம் படபடக்கவில்லை என்பதால் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று தோன்றும். மூன்றாம் நாள் மாலை சீட்டிலிருந்து இறங்கும்போதுதான் விஷயம் தெரியும். அதற்குள் உள்ளங்கையின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் மரத்துப் போயிருக்கும். சட்டைப் பொத்தானைப் போடக்கூட விரல் ஒத்துழைக்காது.

ஆகவே இந்தப் பாதைக்கான முன்னேற்பாடு தொடையைவிட இருக்கைக்கும் கைக்கும் கழுத்துக்கும்தான் அதிகம் தேவை. நான் செய்தவற்றில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். சீட்டின் அகலம் நம் இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்துகிறதா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்து, மாற்றுவதானால் அப்போதே மாற்றிவிட்டு, கடைசி ஆறு வாரம் அதைத் தொடவே கூடாது. பயணத்துக்கு முந்தின வாரம் புது ஜெல் சீட் வாங்கிப் பொருத்திய ஒருவர் கடலூர் தாண்டுவதற்குள் அதைத் திட்டத் தொடங்கிவிட்டார். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசர் குறைந்தது மூன்று வேண்டும். அதற்குள் ஜட்டி போடக் கூடாது, அதன் தையல்தான் முதலில் தோலை அறுக்கும். இதைக் கூச்சப்பட்டுக்கொண்டு கையேட்டில் எழுதாமல் விட்டிருந்தார்கள். குழுவில் நான்கு பேர் முதல் நாள் அப்படியே போட்டுக்கொண்டு வந்தார்கள். ஹேண்டில்பாரில் டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டதும், கால் மணிக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்து எழுந்து நின்று இருபது மிதி மிதித்ததும் என் கைவிரல்களைக் காப்பாற்றின.

அட்டவணையின் இன்னொரு பிழை, நீண்ட ஓட்டத்தை ஞாயிறு ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டது. ஒரே நாளில் 140 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆறு நாள் இளைப்பாறுகிற உடம்புக்கும், நேற்றைய வலி ஆறுமுன் இன்று மறுபடி சீட்டில் ஏறுகிற உடம்புக்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. பத்தாவது வாரத்தில் சனிக்கிழமை 100, ஞாயிற்றுக்கிழமை 80 என அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையின் முதல் பத்து கிலோமீட்டர் தந்த பாடத்தை அதுவரை செய்த பயிற்சி எதுவும் தரவில்லை. வாரா வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவில் கூட்டுவது, கடைசி வாரம் பாதியாகக் குறைத்து உடம்பைத் தேற்றிக்கொள்வது ஆகிய பொது விதிகளைக் கையேடு சரியாகவே சொல்லியிருந்தது.

குறை சொன்ன கையோடு, இந்த நிறுவனத்தை நான் பரிந்துரைப்பதற்கான முதல் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். புறப்படுவதற்கு முந்தைய மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் வரை குழு ஓட்டம் நடத்தினார்கள். இரண்டில் ஒன்றுக்காவது வராதவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று எழுத்தில் சொன்னார்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு இணையாக நம் முன்சக்கரத்தை நுழைக்கக் கூடாது என்பதை எத்தனை முறை படித்தாலும் மூளைக்குத்தான் ஏறும், கைக்கு ஏறாது. முன்னவர் ஒரு சாண் விலகினால் நம் சக்கரம் உரசும், விழுவது நாமாகத்தான் இருப்போம். அதை முட்டுக்காடு பாலத்தருகே இருவர் செய்து காட்டினார்கள், திட்டமிட்டு அல்ல. நல்லவேளையாக மணல் ஓரம். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அதன்பின் எல்லோரும் கேட்டுக்கொண்டோம். குழி வந்தால் கையைத் தாழ்த்திச் சுட்டுவது, வேகத்தடை வந்தால் குரல் கொடுப்பது, பின்னால் பஸ் வந்தால் கடைசி ஆள் "வண்டி!" என்று கத்த, அது ஒவ்வொருவர் வாயாக முன்னால் போய்ச் சேர்வது என எல்லாம் இரண்டு ஞாயிறுகளில் பழகிவிட்டன. ஒருவர் பின் ஒருவராகக் காற்று மறைவில் போனால் பின்னால் வருபவருக்குக் கால் பங்கு உழைப்பாவது மிச்சம் என்பார்கள். ஆனால் அந்த மிச்சம், முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடிக்க மாட்டார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. முன்பின் அறியாதவர்களிடம் அந்த நம்பிக்கை முதல் நாளே வராது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வந்த இளைஞர் ஒருவரை இரண்டாம் ஞாயிறு பாதியில் வேனில் ஏற்றிவிட்டார்கள். பிறகு அவர்தான் எங்கள் குழுவிலேயே மிக ஒழுங்காக ஓட்டியவர்.

புறப்படுவதற்கு முந்திய மாலை, ஒவ்வொரு சைக்கிளையும் மெக்கானிக் சோதித்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். அப்பா வைத்திருந்த சைக்கிள் கடையில் வளர்ந்தவராம். செயினை அளவுகோல் வைத்துப் பார்த்தார், சக்கரத்தைச் சுழலவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார், கோட்டம் இருந்த ஆறு சக்கரங்களுக்கு அங்கேயே கோட்டம் எடுத்தார். ஐந்து பேரின் டயர்களை ஏற்கவில்லை. அதில் ஒருவர் வாங்கி ஒரு மாதமே ஆன டயர் என்று வாதாடினார். மெக்கானிக் பேசவில்லை. டயரைக் கழற்றி உட்புறத்தை வெளியே திருப்பி, ஒரு வெள்ளைத் துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணி சிக்கியது. அங்கே நெல்மணி அளவுகூட இல்லாத கண்ணாடிச் சில்லு ஒன்று நின்றிருந்தது. "இது இன்னும் ஐம்பது கிலோமீட்டர்ல உள்ள வந்துரும் சார்," என்று சொல்லி அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அந்த ஒரு மாலைக்கே கட்டணத்தில் பாதி தகும்.

முதல் நாள் புதுச்சேரி வரை ஏறத்தாழ 145 கிலோமீட்டர், இரண்டாம் நாள் தரங்கம்பாடி வரை 120. வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. இந்தப் பாதையைத் தெற்கு நோக்கித் தை மாதத்தில் வைத்தது நிறுவனத்தின் சமயோசிதம். இதையே ஆனி ஆடியில் வைத்தால் கடைசி இரண்டு நாளும் மேற்கிலிருந்து வரும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாம் நாள் டெல்டாவுக்குள் இருந்தோம். சம்பா அறுவடைக் காலம். வேளாங்கண்ணி தாண்டி வேட்டைக்காரனிருப்பு நெருங்கும் இடத்தில் சாலையின் பாதியில் வைக்கோலைப் பரப்பி உலர்த்தியிருந்தார்கள். எதிரே லாரி வந்ததால் நான் வைக்கோலுக்குள் இறங்கினேன். மெத்தைமேல் போவதுபோல் பத்து அடி போனது. பிறகு பின்னால் முறுக்கிக்கொள்ளும் சத்தம், ஒரு உடைசல், மிதி நின்றுவிட்டது. வைக்கோல் தாள்கள், கியர் மாற்றும் பாகமான பின் டெரெய்லரின் சிறு பற்சக்கரங்களுக்குள் சுற்றிக்கொண்டு, டெரெய்லரையே ஸ்போக்குகளை நோக்கி இழுத்து, அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கரை இரண்டாக ஒடித்திருந்தன.

ஹேங்கர் என்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு அலுமினியத் துண்டு. விலை உயர்ந்த சட்டம் உடையாமல் இருப்பதற்காக முதலில் தான் வளையவோ ஒடியவோ வேண்டும் என்றே செய்யப்படுவது. ஆகவே ஒடிந்தது அதன் கடமை. சிக்கல் என்னவென்றால் இதில் எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும், சில சமயம் அவரது ஒவ்வொரு மாடலுக்கும், வேறு வேறு வடிவம். மெக்கானிக்கின் பெட்டியில் ஒன்பது வகை ஹேங்கர் இருந்தன. எதுவும் என் சைக்கிளுக்குச் சேரவில்லை. டியூப், டயர், செயின், ஸ்போக், பிரேக் பேட், கேபிள் எல்லாம் அவர்களிடம் இருக்கும், நாம் கொண்டுவராவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். அவரவர் கொண்டுவந்தே தீரவேண்டிய ஒரே உதிரிப் பாகம் இதுதான். 14 பக்கத்தில் கம்பளிக் கால் உறைக்கு இடம் இருந்தது, இதற்கு இல்லை. செயினைக் குறுக்கி ஒற்றை கியராக ஓட்டவும் முயன்று பார்த்தோம். இரண்டு கிலோமீட்டருக்குள் செயின் பல் தாண்டிக் கழன்றுகொண்டது. சென்னைக் கடைக்குத் தொலைபேசியில் சொல்லி, கூரியரில் இராமநாதபுரத்துக்கு அனுப்பச் செய்தோம். நான்காம் நாள் முழுவதும் நான் வேனில்.

எரிச்சலோடுதான் ஏறி உட்கார்ந்தேன். ஆனால் இந்தச் சேவையின் தரத்தை எடைபோட அந்த ஒரு நாள் எனக்குக் கிடைத்தது நல்லதாயிற்று; சைக்கிளில் இருந்திருந்தால் 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை மரத்தடியில் தண்ணீர் கேன் இருந்தது என்பதற்குமேல் எதுவும் தெரிந்திருக்காது.

வாகனங்கள் இரண்டு. பைகளும் சாப்பாட்டுப் பாத்திரங்களும் ஒரு குட்டியானையில் முன்னே போய்விடும். வேன் குழுவின் நடுவிலும் கடைசியிலுமாக மாறி மாறி வரும். ஓட்டுநர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் 22 பெயர்களையும் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று குறிப்பார். இருவர் இடைவெளி அரை மணிக்குமேல் போனால் தொலைபேசி. வளைவுக்கு அப்பால் வண்டியை நிறுத்தவே மாட்டார். சாலைப் பிரிவுக்கு 200 மீட்டர் முன்னால், நிழல் இருக்கிற இடமாகப் பார்த்து, சாலையை விட்டு முழுவதும் இறக்கித்தான் நிறுத்துவார். ஏன் இவ்வளவு முன்னாலேயே என்று கேட்டேன். "பிரியிற எடத்துல நின்னா, நம்ம வண்டியப் பாத்துக்கிட்டே திரும்பாமப் போயிருவாங்க சார். முன்னாடி நின்னு வழி சொல்லி அனுப்பிட்டா தப்பாது," என்றார். அதுவரை எங்களில் யாரும் வழி தவறாததற்கு எங்கள் புத்திசாலித்தனம் காரணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று வேதாரண்யத்திலிருந்து கிளம்பும்போது பேச்சு 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தின் பக்கம் திரும்பியது. ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே இங்கு வந்தவர்களுக்கு யாரும் சோறு போடக்கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவிட்டு, அவை இருக்கும் இடத்தை மட்டும் தெரியப்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். அவர்களுக்கும் வழியெங்கும் ஆதரவு இருந்தது, வேன்தான் இல்லை என்றார் ஓட்டுநர்.

உப்பு என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று. உப்பளக் காற்றில் செயின் ஒரே இரவில் துருவேறும். மெக்கானிக் தினமும் மாலை எல்லாச் செயின்களையும் டீசலில் துடைத்து, எண்ணெய் விட்டு, விடியலில் மேலெண்ணெயை மறுபடி துடைப்பார். கல்யாண மண்டபத்தின் வாசல் டியூப்லைட் வெளிச்சத்தில், 22 சைக்கிள்களைத் தலைகீழாக வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பெடலாகச் சுழற்றிக்கொண்டே அவர் நகர்வது, பந்தியில் பரிமாறுகிறவரைப்போல இருக்கும். இரவு ஒன்பதரைக்கு முன் அவர் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. 22 பேருக்கு ஒரே மெக்கானிக் என்பது போதாது. இன்னொரு கை வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உடம்புக்கான உப்பு விஷயத்தில் நிறுவனம் பாதி வழிதான் வந்தது. ஓஆர்எஸ் பொட்டலங்களைத் தாராளமாகக் கொடுத்தார்கள், கலக்கும் விதத்தைச் சொல்லவில்லை. 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். சைக்கிள் பாட்டிலோ பெரும்பாலும் 750 மில்லி. முழுப் பொட்டலத்தையும் அதில் கொட்டி, குமட்டுகிறது என்று சொல்லி, பிறகு ஓஆர்எஸ்ஸையே நிறுத்திவிட்டவர்கள் பலர். வேறு சிலர் இளநீரை மட்டுமே நம்பினார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். சட்டை முதுகில் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் இளநீரோடு ஒரு சிட்டிகை உப்போ, ஊறுகாயோடு ஒரு டம்ளர் மோரோ சேர்த்துக்கொள்வது நல்லது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான்.

சாப்பாட்டில் மனம் நிறைந்தது, ஒரு குறையைத் தவிர. காலை ஏழரை மணிக்குச் சாலையோரத்தில் பாய் விரித்து, நெய் மிதக்கும் வெண்பொங்கலை வடையோடு பரிமாறிவிட்டு, எட்டேகாலுக்குக் கிளம்புங்கள் என்பது எந்த நியாயமும் இல்லாத செயல். நான் அதைக் குறை என்று எழுதுவதை என் குழுவினர் பலர் ஒப்ப மாட்டார்கள். மூன்றாம் நாள் முதல் எங்களில் சிலர் கேட்டு இட்லிக்கு மாறினோம். வழியில் வாழைப்பழம், கடலைமிட்டாய், எள்ளுருண்டை. உடன்குடிப் பக்கம் வந்தபோது கருப்பட்டி. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்று விளையாட்டு மருத்துவம் சொல்கிறது; அதற்கு வெளிநாட்டு ஜெல் பொட்டலம் தேவையில்லை, இரண்டு பெரிய வாழைப்பழமே அந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

தங்கும் இடங்கள் ஊருக்கு ஏற்றபடி இருந்தன. புதுச்சேரியிலும் தூத்துக்குடியிலும் நல்ல விடுதி, நடுவில் கல்யாண மண்டபமும் யாத்திரிகர் சத்திரமும். எனக்குப் புகார் இல்லை. ஆனால் பெண்களுக்கான கழிப்பறை ஏற்பாட்டில் நிறுவனம் தோற்றது என்றே சொல்ல வேண்டும். குழுவில் மூன்று பெண்கள். திருத்துறைப்பூண்டிக்கும் தொண்டிக்கும் இடையே பெட்ரோல் பங்குகளையும் தெரியாதவர் வீட்டுக் கதவுகளையும் நம்பித்தான் அவர்கள் வந்தார்கள். அதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்ட ஒருவர், நான் வேனில் இருந்த அன்று பிற்பகல், மனோராவுக்கு அருகே தலைசுற்றலோடு என் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தார். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய கோபுரத்தை எல்லோரும் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணை மூடிக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். குட்டியானையில் ஒரு மடக்குக் கூடாரமும் ஒரு வாளியும் ஏற்றிக்கொள்வது பெரிய செலவில்லை. சேரப்போகும் பெண்கள் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

ஐந்தாம் நாள் நிறுவனத்தின் மாற்று சைக்கிளில் ஓட்டினேன். என் உயரத்துக்கு ஓர் அளவு பெரியது, சீட்டும் வேறு. ஆறு வாரம் தொடாதே என்று மேலே எழுதியதன் அருமை எனக்கே அன்று மதியம் நன்றாகப் புரிந்தது. மாலை இராமநாதபுரத்தில் கூரியர் காத்திருந்தது. பத்து நிமிடத்தில் ஹேங்கர் மாட்டப்பட்டு, கியர் அளவு சரிசெய்யப்பட்டு, என் சைக்கிள் எனக்குத் திரும்பியது.

ஆறாம் நாள் இராமேஸ்வரம், விரும்பியவர்களுக்கு மட்டும். பாம்பனில் 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்குமேல் நீளம். கிழக்கு மேற்காகப் போவதால் அதுவரை முதுகில் தள்ளிய வடக்குக் காற்று அங்கே விலாவில் அறைகிறது. குழுத் தலைவர் எங்களை மண்டபத்திலேயே நிறுத்தி, ஒருவருக்கொருவர் பத்து மீட்டர் இடைவெளி விட்டு, கைப்பிடியின் மேல் விளிம்பை விட்டுக் கீழே பிடித்து ஓட்டவேண்டும், படம் எடுப்பவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். பக்கக்காற்றில் இருவர் இரண்டடி தள்ளாடியதைப் பார்த்தேன். இடைவெளி இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்து வேனிலேயே இராமநாதபுரம் திரும்பி, மறுநாள் தூத்துக்குடி, அதற்கு மறுநாள் திருச்செந்தூர், உவரி வழியாகக் குமரி. அந்த இரண்டு நாளில் விவரிக்கும்படியான சம்பவம் ஏதும் நடக்கவில்லை என்பதே ஏற்பாட்டின் சிறப்பு. நான்கு பஞ்சர், ஒரு ஸ்போக், நிறைய ஆட்டுக்குட்டிகள்.

இந்தக் கட்டணத்துக்கு இந்தச் சேவை தகுமா என்றால், தகும். மெக்கானிக்குக்கும் ஓட்டுநருக்கும் ஒத்திகை ஓட்டத்துக்கும் முழு மதிப்பெண் தருவேன். கையேட்டுக்குப் பத்துக்கு மூன்று. முதன்முறையாக நெடும்பயணம் போகிறவர்கள் அதை நம்பித் தயாராக வேண்டாம். 2008 முதல் நடந்துவரும் நீலகிரிச் சுற்றுப் போன்ற பயணங்களில் கலந்துகொண்ட ஒருவரை உங்கள் ஊரில் தேடிப்பிடித்து ஒரு மணி நேரம் பேசினால் அதைவிட அதிகம் கிடைக்கும், அவர் மலையைப் பற்றிச் சொல்வதை மட்டும் கழித்துக்கொண்டு.

சைக்கிள்கள் லாரியில் ஒன்றுக்கொன்று நடுவே பழைய போர்வை வைத்துக் கட்டப்பட்டு, பயணம் முடிந்த நான்காம் நாள் சென்னை வந்து சேர்ந்தன. என்னுடையதில் முன் போர்க்கில் ஒரு கீறல். கேட்டவுடன் ஒப்புக்கொண்டு பெயிண்ட் செலவைக் கொடுத்துவிட்டார்கள். என் குறைகளை இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருந்தேன். அடுத்த ஆண்டுப் பயணத்துக்கான புதுக் கையேடு சென்ற வாரம் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில், உங்கள் சைக்கிளுக்குரிய ஹேங்கர் ஒன்று கட்டாயம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஓஆர்எஸ் கலக்கும் அளவும் இருக்கிறது. கூடாரம் பற்றிக் கேட்டதற்கு, ஏற்பாடு செய்கிறோம் என்று பதில் வந்தது. கம்பளிக் கால் உறை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.